கீழே வைத்த இடங்கள்

என் அக்கா மகன் எனக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் ஒரே சிபாரிசைத்தான் சொல்வான். "கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது, சித்தி." அவனுக்கு அது உண்மை. மாலையில் ஒரு நாவலைத் தொடங்கி, விடிவதற்குள் முடித்துவிட்டு, சிவந்த கண்களோடு வந்து நிற்பான். எனக்கோ அந்தப் பாராட்டின் மேல் நம்பிக்கை போய் வெகுகாலமாயிற்று. கீழே வைக்க முடியாமல் படித்தவற்றில் பாதிக்கு மேல் இன்று கதையே மறந்துவிட்டது. நடுவில் மூடி, மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த புத்தகங்கள்தாம் நினைவில் நிற்கின்றன, மூடிய பக்கத்தோடு சேர்த்து.

இந்தச் சந்தேகத்துக்கு என் தொழிலும் ஒரு காரணம். 22 வருடம் மெய்ப்புத் திருத்தினேன். மெய்ப்பு பார்ப்பவள் கதைக்குள் விழக் கூடாது. விழுந்தால் கண் ஓடிவிடும். 'பார்த்தாள்' என்பதில் ஒற்று விழுந்து 'பார்தாள்' என்று இருந்தாலும், மனம் அந்த ஒற்றைத் தானாகவே சேர்த்துப் படித்துக்கொண்டு போய்விடும். அதனால் வரிக்கு அடியில் ஓர் அட்டையை வைத்து, அடுத்த வரியை மறைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக நகர்வோம். நல்ல நாவல்கள் சிலவற்றை நான் முதன்முதலில் படித்தது அப்படித்தான். படித்தேன் என்று சொல்வதே பிழை. கதாநாயகி செத்துப்போன பக்கத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வல்லினம் மிக வேண்டிய மூன்று இடங்கள்தாம்.

வேலையை விட்ட பிறகு அட்டையைத் தூக்கி எறிந்தேன். பென்சில் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. இப்போது அதற்கு ஒரே வேலை. புத்தகத்தை நானாக மூடிய இடத்தைப் பின்னட்டையின் உள்பக்கத்தில் குறித்து வைக்கிறேன். தூக்கம் வந்தது, தொலைபேசி அடித்தது போன்றவை கணக்கில் வராது. புத்தகமே 'கொஞ்சம் இரு' என்று சொல்லி மூடவைத்த இடங்கள் மட்டும். பக்க எண்ணும் ஓரிரு சொல்லும். கடந்த ஏழெட்டு மாதங்களில் படித்தவற்றின், மறுபடி படித்தவற்றின் பின்னட்டைகளைத் திருப்பிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வந்தவற்றைப் பற்றி எழுதக் கூடாதா என்று அக்கா மகன் கேட்கிறான். நான் சமீபத்தில் படித்தவை இவைதாம். அவை எப்போது எழுதப்பட்டவை என்பது அவற்றின் பாடு.

அதிகம் குறிப்புகள் இருப்பது இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலில். ஏழு. 2018இல் வந்தது, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கதை என்னவென்று கேள்விப்பட்டிருந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்று கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். அப்பா நடேசனிடம் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தால் அங்கே எதையும் வாங்க முடியாது. கதை இவ்வளவுதான். தலைப்பைப் படித்தவர்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.

முதல் நூறு பக்கத்தில் எனக்குக் கோபம் வந்தது. தீக்காயப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்கள் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் சொன்னதையே இன்னொருவர் சொல்கிறார். அழுதவர் மறுபடியும் அதே சொற்களில் அழுகிறார். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று. என் பழைய கை பென்சிலை எடுத்துக்கொண்டு ஓரத்தில் அதை எழுதவே போய்விட்டது. அப்போதுதான் புத்தகத்தை முதல் தடவையாக மூடினேன். என் அம்மாவுக்காக மூன்று இரவுகள் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த மூன்று இரவுகளில் நாங்கள் பேசியது மொத்தம் நான்கு விஷயங்கள் இருக்கலாம். அவற்றையே ஐம்பது தடவை பேசினோம். புதிதாக வந்த ஒவ்வொரு உறவினருக்கும் முதலிலிருந்து சொன்னோம். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் முடிவு மாறிவிடும் என்பதைப் போலச் சொன்னோம். இமையத்துக்கு இது தெரிந்திருக்கிறது. சுருக்கமாக எழுதத் தெரியாதவர் இல்லை அவர். 1994இல் வந்த 'கோவேறு கழுதைகள்' நாவலில் ஆரோக்கியத்தின் ஒற்றைப் புலம்பலில் ஒரு குடும்பத்தின் வயிற்றையும் ஓர் ஊரின் நன்றிகெட்ட தனத்தையும் சேர்த்து வைத்தவர். இங்கே வேண்டுமென்றேதான் நீட்டியிருக்கிறார்.

ஆனாலும் குறை இருக்கிறது. பெற்றோரின் அழுகைக்கு அவர் கொடுக்கும் இடத்தில் கால் பங்குகூட ரேவதிக்கு இல்லை என்று எனக்குப் பட்டது. கட்டிலில் கிடப்பவள் அவள். நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்வது. அது கதையின் நியாயமாகவும் இருக்கலாம்: உயிரோடு இருந்தபோதும் அவள் பேச்சை யார் கேட்டார்கள்? இருந்தும் மனம் ஒப்பவில்லை. ரவியை வெறும் வில்லனாக்காமல் அவனுக்கும் வாய் கொடுத்திருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்தில்தான் ஐந்தாவது குறிப்பு. 'இவனை வெறுக்க விடமாட்டேன் என்கிறார்' என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறது.

அதற்கு நேர் எதிர் பூமணியின் 'வெக்கை'. ஒரே ஒரு குறிப்பு. இது உண்மையிலேயே அக்கா மகனின் வகை. முதல் பக்கத்திலேயே கொலை நடந்து, ஓட்டம் தொடங்கிவிடுகிறது. சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட்டு ஓடிவிடுவது அவன் திட்டம், ஆள் செத்துப்போகிறான். பிறகு எட்டு நாட்கள், அப்பாவும் மகனுமாகக் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். 1982இல் வெளிவந்த நாவல். 2019இல் 'அசுரன்' படமாக வந்தபோது பலர் தேடிப்பிடித்துப் படித்தார்கள். படம் அப்பாவின் மேல் வெளிச்சம் போட்டது. நாவல் கடைசிவரை பையனின் தோளை விட்டு நகர்வதில்லை.

நான் மூடியது கொலையில் இல்லை, துரத்தலிலும் இல்லை. ஒளிந்திருக்கும் இடத்தில் அவர்கள் கிடைத்ததைச் சமைத்துத் தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காதவர்களைப் போல ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும் ஓர் இரவு. மகன் ஆளைக் கொன்றுவிட்டு வந்திருக்கிறான். அப்பா அவனைத் திட்டவுமில்லை, மெச்சவுமில்லை. கல் குத்தாமல் எப்படிப் படுப்பது என்பதைப் போன்ற விஷயங்களைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். பூமணி அந்த இடத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றைக்கூடப் போடுவதில்லை. நானாக இருந்தால், எழுத வராத நானாக இருந்தால்கூட, 'நெகிழ்ந்தான்' என்று ஒரு வினையைச் செருகியிருப்பேன். அவர் விட்டுவிட்டார். விட்ட இடத்தில் நான் விழுந்தேன்.

சிறுகதைத் தொகுப்புகளுக்கு என் கணக்கு சரிப்பட்டு வருவதில்லை. ஒவ்வொரு கதை முடிவிலும் மூடலாம், அது மூடியதாகாது. அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு நாளைக்கு ஒரு கதை. அடுத்த கதைக்குப் போகக் கை துறுதுறுத்தால் முந்தைய கதைக்குக் குறிப்பு கிடையாது. போக மனமில்லாமல் இருந்தால்தான் உண்டு. வண்ணநிலவனின் 'எஸ்தர்' அப்படி இரண்டு நாளை எடுத்துக்கொண்டது. பஞ்சத்துக்கு ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டிய குடும்பம். கூட்டிக்கொண்டு போக முடியாத கிழவி. எஸ்தர் சித்தி எடுக்கும் முடிவு. என்ன நடந்தது என்று கதை நேராகச் சொல்வதில்லை. இரண்டாம் முறை படித்த பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. முதல் முறை புரியாதது போல் நானே நடித்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

கு. அழகிரிசாமியின் தொகுப்பை இந்தத் தடவை எடுத்தது 'அன்பளிப்பு' என்ற ஒரு கதைக்காக. அந்தப் பெயரிலான அவருடைய தொகுதிக்குத்தான் 1970இல், அவர் காலமான வருடத்திலேயே, சாகித்திய அகாதெமி விருது அளிக்கப்பட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளோடு உறவாடும் ஒரு மனிதர், புத்தகங்களும் டைரிகளும் கொண்டுவந்து கொடுக்கிறார். இரண்டு குழந்தைகளுக்கு டைரி கிடைக்கிறது. சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. அவன் அழுவதில்லை, கேட்பதில்லை. தன் வீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்துகிறான். போனால், தானே ஒரு டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக அதில் எழுதித் தரச் சொல்கிறான்.

இந்தக் கதையை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. இந்தத் தடவை மூடியது முடிவில் இல்லை. அவர் சாரங்கனின் வீட்டுக்கு நடந்து போகும் இடத்தில். போகிறவருக்கு எதற்காக அழைக்கிறான் என்று தெரியாது, எனக்குத் தெரியும். அவரைத் திரும்பிப் போகச் சொல்லலாமா, வேகமாகப் போகச் சொல்லலாமா என்று தெரியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன். முடிவு தெரிந்த கதையில் இப்படி நிற்க முடியும் என்பது எனக்கே ஆச்சரியம். அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "முடிவு தெரிந்த பிறகு எதற்கு, சித்தி, மறுபடி படிக்கிறீர்கள்?" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. அவனுக்கு இன்னும் நாற்பது வயதாகவில்லை.

அழகிரிசாமி குழந்தைகளை எழுதும்போது குழந்தை உயரத்துக்குக் குனிவதில்லை, அவர்களைத் தூக்கித் தன் உயரத்துக்குக் கொண்டுவருவதும் இல்லை. 'ராஜா வந்திருக்கிறார்' கதையிலும் அப்படித்தான். பெரிய வீட்டுப் பையனின் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்றால், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று மங்கம்மாளால் சொல்ல முடிகிறது. அவள் வீட்டுக்கு வந்தது ராஜா என்று பெயர் கொண்ட, போக இடமில்லாத ஓர் அநாதைப் பையன். இந்தச் சொல் விளையாட்டை வேறு யாராவது எழுதியிருந்தால் சாமர்த்தியமாகத் தோன்றியிருக்கும். மங்கம்மாளிடம் சாமர்த்தியம் கிடையாது, பெருமை மட்டுமே இருக்கிறது. அதனால் கதை பிழைத்துக்கொள்கிறது.

அவரைப் படித்த சூட்டோடு கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை எடுத்தேன். இருவரும் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர்கள், இருவரும் 1923இல் பிறந்தவர்கள், நண்பர்கள். ஒரே மண், ஒரே வருடம், ஒரே கரிசல் வெயில். ஆனால் அழகிரிசாமியின் பக்கத்தை எந்த மெய்ப்பாளரிடமும் தைரியமாகக் கொடுக்கலாம். அது தெளிந்த எழுத்துத் தமிழ். கி.ரா.வின் பக்கத்தைக் கொடுத்தால் ஒன்று மெய்ப்பாளர் வேலையை விட வேண்டும், அல்லது எழுத்தாளர் எழுதுவதை விட வேண்டும். காது கேட்டதைக் கை எழுதும் நடை அது. அகராதியில் இல்லாத சொல்லைத் திருத்துவதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேதம். அவரோ அகராதியில் இல்லை என்றால் அகராதியையே எழுதுகிறேன் என்று உட்கார்ந்து, 1982இல் கரிசல் வட்டாரத்துக்குச் சொல்லகராதியே கொண்டுவந்துவிட்டார். ஓர் எழுத்தாளர் மெய்ப்பாளர்களுக்குக் கொடுத்த இதைவிடப் பெரிய பதிலடியை நான் கண்டதில்லை. திருத்திய காலத்தில் நானும் எத்தனை வட்டாரச் சொற்களைப் 'பிழை' என்று வட்டமிட்டுக் கொன்றிருப்பேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1976இல் வெளிவந்த இந்த நாவலில் தொடக்கத்திலேயே ஒரு கொலை. குளத்தில் இறங்கிய கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காக ஒருவன் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்துப் பிடித்தபடியே சாகிறாள். அவனால் விடுவித்துக்கொண்டு ஓட முடிவதில்லை. நான் இங்கே மூடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அந்தக் காட்சியில் நாவல் நம்மை விடாது. அது அக்கா மகன் சொல்லும் வகையான பிடி. மூடியது வெகுதூரம் தள்ளி. நூறு வயதைத் தாண்டிய பூட்டி மங்கத்தாயாரு அம்மாள், தெலுங்கு நாட்டிலிருந்து தப்பித்து வந்த கதையைச் சொல்கிறாள். சென்னாதேவி என்ற அழகியை ராஜா கேட்டதால் ஊரோடு கிளம்பி ஓடிவந்த கதை. துரத்தி வருபவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் நடுவில் ஆறு நிற்க, கரையில் இருந்த மரம் வளைந்து கொடுத்து இவர்களைக் கடத்திவிடுகிறது.

மரம் வளையுமா என்று கேட்கிறவர்களுக்கு இந்த நாவல் இல்லை. ஆனால் என்னை மூடவைத்தது மரமும் இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும் பூட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள், இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டவர்கள். ஆறு வரும் இடம் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறார்கள். அழகிரிசாமியின் கதையில் என்னை நிறுத்திய அதே விஷயம் இங்கே ஒரு கிராமத்துக்கே நடந்துகொண்டிருந்தது. அக்கா மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்தப் பக்கத்தில் கிடந்தது. போனில் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றி, பிறகு விட்டுவிட்டேன்.

கோபல்ல கிராமத்தின் பிற்பகுதி எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வெட்டுக்கிளிகள் வருகின்றன, தீவட்டிக் கொள்ளையர்கள் வருகிறார்கள், கடைசியில் வெள்ளைக்காரன் வருகிறான். ஒவ்வொன்றும் தனியாக அருமை. நாவலாகச் சேரும்போது ஒரு சாக்கில் கட்டிய பண்டங்களைப் போல உள்ளே உருண்டுகொண்டிருக்கின்றன. கி.ரா. ரசிகர்கள் இதற்கு என்னைச் சும்மா விடமாட்டார்கள். கழுவில் ஏற்றப்பட்ட அந்தக் கொலைகாரனோடு ஊர்க்காரர்கள் பேசும் பகுதி மட்டும் என்னைப் பொறுத்தவரை தமிழில் எழுதப்பட்ட சிறந்த பத்துப் பக்கங்களில் வரும். குரூரமும் கருணையும் ஒரே குரலில் பேசுகின்றன.

இனி என் மானம் போன கதை. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தபோது எல்லாரும் படித்தார்கள், நான் படித்ததாகச் சொல்லிக்கொண்டேன். இந்த வருடம் ஒரு பழைய பிரதி கைக்கு வந்தது. முன்பு வைத்திருந்த யாரோ மறுபடி பைண்டு செய்திருந்தார்கள். ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர், கால்பந்தாட்டக்காரரும்கூட. 1960 ஜனவரி 5ஆம் தேதி, பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் கம்யூ விபத்தில் இறந்த மறுநாள், இறந்துபோனார். அவரைத் தேடிக்கொண்டு அலையும் தமிழ் எழுத்தாளன் பாலு. இப்படி ஓர் ஆள் கேரளத்தில் இருந்ததே கிடையாது; எல்லாம் கற்பனை. முதல் பாதி பாலு எழுதும் குறிப்புகள், பிறகு ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள்.

நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனேன். ஒரு பக்கத்தின் கடைசி வாக்கியம் பாதியில் நின்றது; அடுத்த பக்கம் வேறெதையோ பேசியது. 'ஆகா, என்ன துணிச்சல்' என்று நினைத்தேன். பென்சிலால் குறிப்புகூட எழுதினேன்: 'வாக்கியத்தை முடிக்க மறுக்கிறார்.' மேலும் முப்பது பக்கம் போன பிறகு, ஏதோ உறுத்தி, பக்க எண்ணைப் பார்த்தேன். நடுவில் 16 பக்கங்கள் இல்லை. முழுசாக ஒரு பாரம் விட்டுப்போயிருந்தது. அச்சகத்தில் 22 வருடம் பாரம் பாரமாக எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவளுக்கு இது கண்ணில் படவில்லை. அந்த நாவலில் எதுவும் நடக்கலாம் என்று நம்பவைத்துவிட்டார் மனிதர்.

சிநேகிதியிடம் வேறு பிரதி வாங்கி விடுபட்ட பக்கங்களைப் படித்தேன். அங்கேதான் என் கருத்து இரண்டாகப் பிளந்தது. ஒரு பாரமே காணாமல் போனாலும் வாசகி தடுக்கி விழாத நாவல், கட்டமைப்பில் தளர்ந்த நாவல்தானே? அந்த 16 பக்கங்கள் அவசியமே இல்லையா? இப்படிக் கேட்டுக்கொண்டே படித்தால், அந்தப் பக்கங்களில் இருந்த கேலியும் கூர்மையும் எனக்கு வேண்டியிருந்தன. இல்லாமல் படித்தபோது குறை தெரியவில்லை. கிடைத்தபோது விட மனமில்லை. கதையைத் தேடுகிறவர்களுக்கு ஜே.ஜே. ஏமாற்றம்தான். தமிழில் அப்போது பெரிதாகக் கொண்டாடப்பட்டவற்றைப் பார்த்துச் சிரிக்கும் அதன் சிரிப்பில் இன்றைக்கும் எண்ணெய் வற்றவில்லை. ஆனால் ஜே.ஜே.யை ஒரு மனிதனாக நான் எங்குமே தொட முடியவில்லை. சிந்தித்துக்கொண்டே இருக்கும் ஒரு நெற்றி மட்டும் தெரிகிறது. இதே கை 1966இல் எழுதிய 'ஒரு புளியமரத்தின் கதை'யில் தாமோதர ஆசானின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு பொய்யையும் தொட்டுப் பார்க்க முடிகிறது. எனக்கு ஆசான் போதும். பின்னட்டையில் எழுதிய 'வாக்கியத்தை முடிக்க மறுக்கிறார்' என்பதை அழிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்பையின் 'காட்டில் ஒரு மான்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், நீட்டினால் கெட்டுவிடும். பூப்பெய்தாத தங்கம் அத்தை குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில், ஒரு மான் வழிதவறி வேறொரு காட்டுக்குள் போய்ப் பயந்து, பிறகு மெல்லப் பழகுகிறது. மூடிய இடம்: அத்தை கதை சொல்லி நிறுத்திய அடுத்த வரி. அவ்வளவுதான்.

அசோகமித்திரனிடம் எனக்கு ஒரு பழைய தகராறு உண்டு. அவருடைய கதைகளில் எதுவும் நடப்பதில்லை என்று என் இருபதுகளில் அடித்துப் பேசியிருக்கிறேன். இந்த மாதங்களில் 'தண்ணீர்' நாவலையும் சில கதைகளையும் மறுபடி படித்தேன். 1973இல் வந்த 'தண்ணீர்' சென்னைத் தெருவொன்றின் வறட்சியைப் பற்றியது. குழாயில் காற்றுதான் வருகிறது, குடத்தோடு அலைகிறார்கள், தெருவைத் தோண்டிப்போடுகிறார்கள். சினிமாவில் வாய்ப்பு வாங்கித் தருவதாக ஆசை காட்டும் ஒருவனை நம்பிக் காத்திருக்கும் ஜமுனா, அவளை விட்டுப்போகும் தங்கை சாயா, எதிர்பாராத நேரத்தில் தன் கதையைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகும் டீச்சரம்மா. டீச்சரம்மாவின் அந்தப் பேச்சில்தான் மூடினேன். ஆறுதல் என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல், தனக்கு நேர்ந்ததைக் கடைக் கணக்கைப் போலச் சொல்கிறாள். ஜமுனாவுக்கு அது உதவுகிறது. எனக்கும் உதவியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், உதவியது.

'எலி' கதையைப் பற்றி ஒரு வார்த்தை. பொறிக்குள் வைப்பதற்காக மசால் வடை வாங்கி, எலியைப் பிடித்து, வெட்டவெளியில் கொண்டுபோய் விடுகிறான் கணேசன், காக்கை வருகிறது. பொறியைப் பார்த்தால் வடை தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது. 'எதுவும் நடப்பதில்லை' என்று சொன்ன அந்த இருபது வயதுப் பெண்ணை எங்காவது பார்த்தால் இந்தக் கதையைக் கையில் கொடுத்துவிட்டு வரலாம். கொடுத்தாலும் அவள் பொறியைத்தான் பார்ப்பாள், வடையைப் பார்க்கமாட்டாள்.

இப்போது கையில் இருப்பது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வந்தது. 'கடலுக்கு அப்பால்' என்ற இன்னொரு நாவல்; அவ்வளவுதான் அவர் எழுதிய நாவல்கள். இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகரத்துக்குப் போனவர், திரும்பிவந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து இந்தோனேசியாவையும் மலேயாவையும் பற்றி இப்படியொரு நாவல் தமிழில் இருப்பது பலருக்கு இன்றும் தெரியாது. இதை ஏற்கெனவே ஒரு தடவை படித்திருக்கிறேன். நாயகன் பாண்டியன் கடைசியில் என்ன ஆவான் என்று தெரியும். குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கூறுபோடும் அந்த விவாதங்கள் வரும்போது சத்தமாகச் சிரிக்கப்போகிறேன் என்பதும் தெரியும். பெண்கள் இதில் நிழலாக வந்துபோவது முதல் வாசிப்பில் உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

இந்தத் தடவை என்னை நிறுத்துவது வாக்கியங்கள். சிங்காரத்தின் வாக்கியத்துக்கு வழக்கமான எழுவாய் பயனிலைக் கட்டுப்பாடு கிடையாது. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. தெருப்பெயர், சாமான் பெயர், பாஷை தெரியாத பெயர். வினைச்சொல் வரும் என்று காத்திருந்தால் முற்றுப்புள்ளி வந்துவிடுகிறது. முதல் அத்தியாயத்தில் 1942இன் மெடான். கெர்க் ஸ்ட்ராட் தெருவில் ஜப்பானியப் படை நுழைகிறது, ஜனங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போன தடவை இந்தத் தெருவை இரண்டு நிமிடத்தில் கடந்திருப்பேன். இப்போது ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். பழைய அட்டையைத் தேடி எடுத்து வரிக்கு அடியில் வைத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். திருத்துவதற்காக இல்லை. அடுத்த வரி அவசரப்பட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக.

நேற்று அக்கா மகன் வந்திருந்தான். இந்த நாவலை அவன் இரண்டு நாளில் முடித்தவன். "எங்கே இருக்கிறீர்கள், சித்தி? பினாங்குக்குப் போய்விட்டீர்களா?" என்று கேட்டான். மெடானில்தான் இருக்கிறேன், இன்னும் அதே தெருவில், என்றேன்.